குப்பை வண்டி ஏறாத மேடு

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டைப் பக்கம் ஏறும் வீதியோரத்தில், காலை ஏழு மணிக்கு முன்னரே ஒரு உழவு இயந்திரம் எஞ்சினை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது. பெட்டியில் முக்கால்வாசி குப்பை. கடை வாசல்களில் கிடந்த சாக்குகளை இரண்டு தொழிலாளர்கள் இழுத்து வந்து மேலே எறிந்துகொண்டிருந்தார்கள். சாரதி இருக்கையை விட்டு இறங்கவில்லை. இவ்வளவு நேரம் நிற்கிறதே, நிறுத்திவைத்தால் டீசல் மிச்சமாகுமே என்று கேட்டேன். ஸ்டார்ட்டர் பழுதாகி மூன்று மாதமாகிறதாம். நிறுத்தினால் தள்ளித்தான் ஸ்டார்ட் எடுக்க வேண்டும், மேட்டில் தள்ள ஆள் எங்கே என்று சிரித்தார்.

எந்தச் சபையின் வாகனம் என்று எழுத வேண்டாம் என அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மாத்தளை மாவட்டத்தில் மாத்தளை, தம்புள்ளை என்று இரண்டு மாநகர சபைகளும், இரத்தோட்டை, உக்குவளை, நாவுல, கலேவெல, லக்கல என்று நீளும் பிரதேச சபைகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சபை வாகனங்களுக்கு ஜிபிஎஸ் பூட்டப் போவதாகப் பேச்சு அடிபடுவதைப் பற்றித்தான் அவரிடம் கேட்கப் போயிருந்தேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: “இன்னொரு கங்காணி.”

அந்தச் சொல்லை நான் அலட்சியப்படுத்த விரும்பவில்லை. என் அம்மாவின் குடும்பம் இதே மலைப்பக்கத் தோட்டமொன்றில் இருந்து 1977 வன்முறைக்குப் பிறகு வவுனியாவுக்கு இறங்கியது. 2009இல் மெனிக் பாம் முகாம் வரைக்கும் போனது. மாத்தளையையும் வன்னியையும் இணைப்பது ஒரே ஏ9 வீதிதான். அந்த வீதியில் ஓமந்தைச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில், வாகனம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, இடையில் ஏன் நின்றது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது அதே மூன்று கேள்விகளையும் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி கேட்கப் போகிறது. யாருக்காகக் கேட்கிறது, கிடைத்த பதிலை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதுதான் விடயம்.

முதலில் அந்தப் பெட்டி செய்யும் வேலையைப் பார்ப்போம். டெலிமெட்டிக்ஸ் என்று அழைக்கப்படும் இந்த முறையில் வாகனத்தின் இருப்பிடம், வேகம், எஞ்சின் ஓடிய நேரம், நின்ற நேரம் எல்லாம் சில விநாடிகளுக்கு ஒரு தடவை பதிவாகும். புதிய லொறிகளில் எஞ்சின் கணினியிலிருந்து எரிபொருள் செலவையும் எடுக்கலாம். பழைய உழவு இயந்திரத்தில் கணினி ஏது? அங்கே டாங்கிக்குள் மட்டமானி பூட்ட வேண்டும், அல்லது நிரப்பிய லீற்றரையும் ஜிபிஎஸ் சொல்லும் கிலோமீற்றரையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாகத் தரவு போகும். லக்கல பக்கம் மலை இடுக்குகளில் சிக்னல் விழாத இடங்களில் பெட்டி தரவைச் சேமித்துவைத்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும்.

இன்று இந்த வேலையைச் செய்வது ‘ரனிங் சார்ட்’ என்ற தாள். சாரதி காலையும் மாலையும் மீற்றரைப் பார்த்து எழுத வேண்டும். நான் சந்தித்த சாரதியின் வண்டியில் மீற்றரே ஓடுவதில்லை. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே கிலோமீற்றரை எழுதுகிறார். அவர் பொய் எழுதுகிறார் என்று சொல்ல முடியாது. தெரியாததை எழுதச் சொன்னால் வேறென்ன எழுதுவது? ஆனால் அந்தத் தாளை வைத்துத்தான் டீசல் அனுமதிக்கப்படுகிறது.

இதில் போகும் பணம் சிறியதல்ல. உலக வங்கி 2018இல் வெளியிட்ட கழிவு முகாமைத்துவ அறிக்கையின்படி, நடுத்தர வருமான நாடுகளில் உள்ளூராட்சி வரவுசெலவில் 10 வீதத்துக்கு மேல் குப்பைக்கே போகிறது. குறைந்த வருமான நாடுகளில் அது 20 வீதமளவில் இருக்கிறது. அதிலும் பெரும்பங்கை விழுங்குவது அள்ளுவதும் ஏற்றிச் செல்வதும். எங்களுக்கு இதை அறிக்கை பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. 2021 டிசம்பர் இறுதியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபா. 2022 ஜூன் இறுதியில் 460 ரூபா. ஆறு மாதத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த மாதங்களில் குப்பை வண்டிகளும் வரிசையில்தான் நின்றன. வீதி முனைகளில் குப்பை மலையாகியது. பிறகு கியூஆர் குறியீட்டு முறை வந்தது. ஒவ்வொரு வாகனத்துக்கும் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று நாடு முழுவதும் கணக்கு வைக்க அரசாங்கத்தால் சில வாரங்களில் முடிந்தது. சொந்த வண்டிகளின் டீசலைக் கணக்கு வைக்க ஒரு சபையால் முடியாது என்ற நியாயம் அதோடு போய்விட்டது.

எவ்வளவு மிச்சமாகும்? கணக்குக்காக ஒரு குப்பை லொறியை எடுப்போம். பெரிய டீசல் லொறி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால் மணிக்கு இரண்டு முதல் மூன்று லீற்றர் வரை எரியும். இரண்டு என்றே வைப்போம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வீணாக நிற்கிறது, மாதம் 25 நாள் வேலை. 50 லீற்றர் போகிறது. லீற்றர் 300 ரூபா என்றால் மாதம் 15,000 ரூபா, ஒரு வண்டிக்கு. இதைவிடப் பெரிய மிச்சம் பாதையில் இருக்கிறது. ஒரே தெருவுக்கு இரண்டு வண்டி போவது, பாதிப் பாரத்தோடு கொட்டும் இடத்துக்கு ஓடுவது, சந்தை நாளில் ஒரு வழியாகவும் மற்ற நாளில் இன்னொரு வழியாகவும் போகாமல் எல்லா நாளும் ஒரே நெரிசலுக்குள் மாட்டுவது. இவையெல்லாம் வரைபடத்தில் கோடாக விழும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். திருடப்படும் டீசலும் தெரியும், மறைப்பதற்கில்லை. வண்டி நின்றிருக்கும் இரவில் டாங்கி மட்டம் திடீரென இறங்கினால் பெட்டி சொல்லிவிடும்.

ஆனால் இந்தத் தரவை வாசிக்கத் தெரியாதவரின் கையில் கொடுத்தால் அது சாரதியை அடிக்கும் தடியாகத்தான் இருக்கும். ஸ்டார்ட்டர் பழுதான வண்டி நின்ற இடத்தில் ஓடியது என்று சிவப்பு நிறத்தில் வரும். பழுதைத் திருத்தாத நிர்வாகத்தின் பெயர் அந்த அறிக்கையில் வராது. கொம்பக்டர் லொறியில் குப்பையை அமுக்குவதற்கே எஞ்சின் ஓட வேண்டும். அந்த நேரத்தைத் தனியாகப் பிரிக்காவிட்டால் உழைத்த நேரமெல்லாம் சோம்பல் நேரமாகக் கணக்காகும். கலேவெலவின் சமதரையில் ஓடும் வண்டியையும் எல்கடுவ வளைவுகளில் ஏறும் வண்டியையும் ஒரே ‘லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர்’ என்ற அளவுகோலால் அளந்தால், மலையில் ஓடுபவர் எப்போதும் குற்றவாளி. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. செடியில் கொழுந்து இல்லாத மாதத்திலும் நிறை குறைந்தால் அரைப்பெயர்தான். கங்காணி என்ற சொல் அந்தச் சாரதியின் வாயில் சும்மா வரவில்லை.

இந்தியாவில் இது நடந்தும் காட்டியிருக்கிறது. இந்தூர் நகரம் வீடுவீடாகப் போகும் குப்பை வண்டிகளை ஜிபிஎஸ் மூலம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கவனித்து, எந்தத் தெரு விடுபட்டது என்று அன்றைக்கே கண்டுபிடிக்கும் ஒழுங்கைக் கட்டியது. இந்தியாவின் மிகச் சுத்தமான நகரம் என்ற இடத்தை அது பல ஆண்டுகள் தொடர்ந்து பெற்றதற்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம். அதே தொழில்நுட்பம் சண்டிகரிலும் நாக்பூரிலும் துப்புரவுத் தொழிலாளர்களின் மணிக்கட்டுக்குப் போனது. கைக்கடிகாரம் போன்ற கருவியைக் கட்டிக்கொண்டு அவர்கள் நிற்பதும் நடப்பதும் பதிவாகின. கழிப்பறைக்குப் போகும்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வோடு வேலை செய்ய முடியாது என்று சண்டிகர் தொழிலாளர்கள் போராடினார்கள். வண்டியில் பூட்டுவதற்கும் ஆளில் பூட்டுவதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. அதை முதலிலேயே கிழிக்காவிட்டால் பிறகு கிழிக்க முடியாது. சென்னை இன்னொரு பாடம். அங்கே முன்பு ஒப்பந்தக்காரருக்குத் தொன் கணக்கில் பணம் கொடுத்தார்கள். பாரம்தான் காசு என்றால் குப்பையைத் தரம் பிரித்துக் குறைக்க யார் மினக்கெடுவார்? 2020இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் தொன் கணக்கை விட்டுச் செயற்திறன் குறியீடுகளுக்கு மாறினார்கள்.

வடக்கில் இருந்து வாசிப்பவர்களுக்கு இன்னொரு ஞாபகமும் வரும். 2021 ஏப்ரலில் யாழ்ப்பாண மாநகர சபை, நகரில் குப்பை போடுவோரைக் கண்காணிக்க ஐந்து பேர் கொண்ட காவல் அணியை நிறுத்தியது. அவர்களுடைய சீருடையின் நிறத்தைக் காரணம் காட்டி, அன்றைய முதல்வர் வி. மணிவண்ணனைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவு கைது செய்தது. பிணையில் வெளியே வந்தார். குப்பையைக் கண்காணிப்பதுகூட எங்கள் மண்ணில் பாதுகாப்பு விவகாரமாகிவிடும். இப்படியான நாட்டில் நாளாந்த வாகனத் தரவு எந்தச் சேர்வரில் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், சபைக்கு வெளியே யார் கேட்டால் கொடுப்பார்கள் என்பதை எழுதிவைக்காமல் பெட்டியைப் பூட்டக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சாரதியின் பெயரோடு சேர்ந்த இருப்பிடத் தரவு தனிப்பட்ட தரவுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் பெட்டிக்கு எதிரானவள் அல்ல. காரணம், அந்த மேட்டுக்கு மேலே இருக்கிறது.

உழவு இயந்திரம் நின்ற இடத்திலிருந்து தேயிலைக்குள் ஏறும் கிளை வீதியில் ஆட்டோவில் போனேன். லயங்களுக்குப் பின்னால் ஓடும் சிற்றாறு. கரையில் பம்பர்ஸ், பிஸ்கற் பக்கற், ஷம்பு பக்கற், உடைந்த போத்தல். ஒரு பக்கம் எரித்த சாம்பல். குப்பை வண்டி எப்போது வரும் என்று ஒரு அக்காவிடம் கேட்டேன். கேள்வி விளங்காததுபோலப் பார்த்தார். பிறகு, டவுனுக்குத்தானே அது வரும் என்றார். மீதிச் சோறும் மரக்கறித் தோலும் வீட்டுத் தோட்டத்துக்கும் ஆட்டுக்கும் போய்விடுகின்றன. உக்காததை என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. எரித்தால் பிள்ளைக்கு இழுப்பு வருகிறதாம். ஆற்றில் போட்டால் கீழ் லயத்துக்காரர்களுடன் சண்டை.

வண்டி அங்கே போகாததற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் வரலாம். ஆனால் லயத்துக்கு ஒரு வீதி போடவோ குப்பை அள்ளவோ சபையின் பணத்தைத் தொட முடியாது. முப்பது வருடங்களுக்குப் பிறகு, 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. பிறகு கொரோனா, பொருளாதார நெருக்கடி. 2023 மார்ச்சோடு சபைகளின் ஆயுள் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரை அதிகாரிகளே நடத்தினார்கள். அந்த வருட நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து இந்த மலை வீதிகளை வெட்டிப் போட்டது. சட்டம் மாறியது. வண்டியின் பாதை மாறவில்லை.

பெட்டி இங்கே இரண்டு விதமாக வேலை செய்யலாம். செலவைக் குறைக்கும் கண்ணோடு மட்டும் பார்க்கும் ஒரு நிர்வாகத்தைக் கற்பனை செய்யுங்கள். நகர வட்டம் 12 கிலோமீற்றர், இரண்டு தொன் குப்பை, நான்கு லீற்றர் டீசல். ஒரு தொன்னுக்கு இரண்டு லீற்றர். தோட்ட வட்டம் ஏற்றத்தோடு 30 கிலோமீற்றர், அரைத் தொன், 12 லீற்றர். ஒரு தொன்னுக்கு 24 லீற்றர். பன்னிரண்டு மடங்கு! இந்தப் பட்டியலைக் கூட்டத்தில் வைத்தால் எந்த வட்டத்தை வெட்டுவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? தொன்னுக்கு எத்தனை ரூபா என்ற அளவுகோல், ஏற்கனவே போகாத இடத்துக்குப் போகாமல் இருப்பதை விஞ்ஞானமாக்கிவிடும். இதுவரை சட்டம் சொன்ன ‘இல்லை’யை இனி கணினி சொல்லும்.

அதே தரவை வேறு விதமாகவும் வாசிக்கலாம். லயத்தில் சேர்வது பெரும்பாலும் உக்காத குப்பை. அது நாறாது, தினமும் அள்ளத் தேவையில்லை. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வண்டி போனால் போதும். மாதம் இரண்டு பயணம், 24 லீற்றர். மேலே ஒரு லொறி வீணாக நின்று எரிக்கும் டீசலைப் பார்த்தோமே, 50 லீற்றர். அந்த ஒரு லொறியின் எஞ்சினை ஒழுங்காக நிறுத்தினாலே இரண்டு தோட்டங்களுக்கு வண்டி அனுப்பிவிடலாம். இவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள்தான். உண்மையான எண்கள் வரட்டும், அதற்குத்தான் பெட்டி. மிச்சமாகும் டீசல் எங்கே போகிறது என்பதைச் சபை முன்கூட்டியே தீர்மானமாக எழுதட்டும். மிச்சம் பிடிப்பதற்கு முன்னரே அதன் சொந்தக்காரர் யார் என்று எழுதாவிட்டால், அது பொது நிதியில் கரைந்து, கடைசியில் ஒரு புதிய ஜீப்பாக வந்து நிற்கும்.

உக்கும் குப்பையைப் பற்றி மாத்தளைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2007இல் ஐக்கிய நாடுகளின் ஆசிய பசுபிக் பொருளாதார சமூக ஆணைக்குழு, பங்களாதேஷின் வேஸ்ட் கன்சேர்ன் நிறுவனத்தின் முறையை இங்கே கொண்டுவந்தது. மாத்தளை மாநகர சபையும் கொழும்பின் செவனத அமைப்பும் சேர்ந்து, வீட்டிலேயே தரம் பிரித்த குப்பையை வாங்கி அருகிலேயே பசளையாக்கும் நிலையத்தைத் தொடங்கின. சிறிய நகரம் ஒன்றுக்கு ஆசியாவே வந்து பார்த்த முயற்சி அது. அதை எல்லோரும் பசளைத் திட்டமாகத்தான் பேசினார்கள். என் கண்ணுக்கு அது ஒரு டீசல் திட்டம். எங்கள் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமும் பாரமுமான உணவுக் கழிவு. அதை ஊருக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டால் தூரத்துக் குப்பை மேட்டுக்கு ஓடும் பயணம் பாதியாகும். எந்த ஜிபிஎஸ் பெட்டியாலும் இதற்கு ஈடான கிலோமீற்றரைக் குறைக்க முடியாது. மறுபக்கம் கொழும்பைப் பாருங்கள். 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களை விழுங்கிய பிறகு, தலைநகரின் குப்பையை ரயிலில் ஏற்றிப் புத்தளம் அருவக்காடு வரை கொண்டுபோகும் வழியைத் தேர்ந்தார்கள். நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்துக்குக் கல்லுண்டாய் இருக்கிறது, அடிக்கடி தீப்பிடிக்கிறது. தூரமாகக் கொண்டுபோய்ப் போடுவது அல்லது பக்கத்தில் போட்டு எரியவிடுவது, இரண்டுக்கும் நடுவில் மாத்தளை ஒரு வழி காட்டியிருக்கிறது.

பெட்டி மட்டும் போதாது, தராசும் வேண்டும். வண்டி எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று தெரிந்து, எவ்வளவு ஏற்றியது என்று தெரியாவிட்டால் கணக்கு ஒற்றைக் காலில்தான் நிற்கும். பல சபைகள் இன்னும் ‘லோட்’ கணக்கில்தான் குப்பையை அளக்கின்றன. அரை லோட்டும் லோட்டுதான்.

பெட்டி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ரனிங் சார்ட்டையும் எரிபொருள் பற்றுச்சீட்டுகளையும் எந்தப் பிரஜையும் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி எழுதி எடுக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். மேலே அந்த லயத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்களும் நானும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினோம். கேட்டது நான்கு விடயம்: கடந்த ஆறு மாதங்களில் ஒவ்வொரு குப்பை வாகனத்துக்கும் கொடுத்த டீசல், ரனிங் சார்ட்டின் பிரதிகள், ஒவ்வொரு வாகனமும் போகும் வீதிகளின் பட்டியல், 2018 திருத்தத்துக்குப் பிறகு எந்தெந்தத் தோட்டங்களுக்குக் கழிவகற்றல் தொடங்கப்பட்டது. மூன்றாவதை எழுதும்போது அவர்களில் ஒருவர், ஜிபிஎஸ் பூட்டினால் அந்தக் கோடுகளைத் தொலைபேசியில் நாங்களும் பார்க்க முடியுமா என்று கேட்டார். அதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டோம்.

விண்ணப்பம் தமிழில்தான் கொடுத்தோம். வாங்கியவர் முத்திரை குத்தி, திகதி போட்டுப் பற்றுச்சீட்டுத் தந்திருக்கிறார்.